குடும்ப உறுப்புரிமை

கொன்ஸ்ரன்ஸ் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது, பதிவு மேசையில் அவளுடைய பெயர் இருக்கவில்லை.

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் நடத்தும் குடும்ப ஒன்றுகூடல் அது. கடற்கரையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு, பெயர் அட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு றொஹான் உட்கார்ந்திருந்தான். அவளோடு ஒரே ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து ஒரே ஆண்டில் வெளியேறியவன். அவளைக் கண்டதும் ஒழுங்காகவே இருந்த அட்டைகளை இன்னொரு முறை ஒழுங்குபடுத்தினான்.

"கொன்ஸி, ஒரு சின்னச் சிக்கல்," என்றான். "உம்மட பேர் லிஸ்ரில இல்லை. விருந்தினர் எண்டு ஒரு ஸ்ரிக்கர் இருக்கு. அதை ஒட்டிக்கொண்டு உள்ள போமன்."

"நான் ஆற்ற விருந்தாளி?"

றொஹான் பட்டியலை அவள் பக்கம் திருப்பி விரலால் காட்டினான். உறுப்புரிமை எண் எண்பத்தெட்டு. இருபத்தொரு வருடமாக அந்த எண்ணுக்கு எதிரே 'யோகராஜ் – கொன்ஸ்ரன்ஸ்' என்று இருந்தது. இப்போது 'யோகராஜ் – றஷ்மி' என்று இருந்தது.

"நீரும் நானும் ஒரே மண்டபத்தில சோதினை எழுதினனாங்கள் றொஹான். அந்தப் பிள்ளை எங்கட கம்பஸ் கேற்றைக் கூடக் கண்டிருக்காது."

"எனக்குத் தெரியாதே. லிஸ்ற் செயற்குழு தந்தது. நான் என்ன செய்யிறது?"

கொன்ஸ்ரன்ஸ் ஸ்ரிக்கரை எடுக்காமலே உள்ளே போனாள்.

அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் இராஜநாயகம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். யோகராஜ் யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை, வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம். இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் விரும்பினார்கள். வேதக்காரப் பெட்டை வேண்டாம் என்று அங்கே நின்றார்கள். சைவக்காரப் பொடியன் வேண்டாம் என்று இங்கே நின்றார்கள். கடைசியில் பதிவாளர் கந்தோரில் கையெழுத்து வைத்து, இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தினார்கள். அதில் கடைசி இரண்டு வருடமும் ஒரே வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. பிறகு வழக்கு, பிறகு தீர்ப்பு. தீர்ப்பு வந்து எட்டாம் மாதம் யோகராஜ் தனியார் வங்கியொன்றில் வேலைசெய்த றஷ்மியைக் கட்டினான். அதில் கொன்ஸ்ரன்ஸுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவன் போனது அவளுக்கு ஒரு காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. ஆனால் சங்கத்தைத் தன்னிடமிருந்து யாரும் எடுப்பார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மண்டபத்தில் ஹவுஸி தொடங்கியிருந்தது. ஆளுக்கொரு எண் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, மேடையில் கூப்பிடும் எண்ணை அடித்துக்கொண்டு போகும் விளையாட்டு. பதினைந்து வருடமாக அந்த எண்களைக் கூப்பிட்டவள் கொன்ஸ்ரன்ஸ்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பகிடிப் பெயர் வைத்திருப்பாள். 'நெட்டைக் கால் இரண்டு, பதினொண்டு' என்பாள்; 'இரண்டு வாத்து, இருபத்திரண்டு' என்பாள். அவளுடைய குரலுக்காகவே ஹவுஸி விளையாட வருகிறோம் என்று சொல்பவர்கள் இருந்தார்கள். இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு றஷ்மி நின்றாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். செய்தி வாசிப்பவள்போல எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவளுக்கு அதில் விருப்பம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கொன்ஸ்ரன்ஸ் பின்சுவரோரம் நின்றாள். தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தங்கள் அட்டைகளுக்குள் புகுந்துகொண்டன. வாங்கோ என்று ஒருவர் சொல்லவில்லை.

"இருபத்திரண்டு," என்றாள் றஷ்மி.

"இரண்டு வாத்து," என்றாள் கொன்ஸ்ரன்ஸ் பின்னாலிருந்து, மைக் தேவைப்படாத அந்தக் குரலில். "அதில ஒண்டு புதுசு."

மண்டபம் சிரித்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்களும் சிரித்தார்கள். றஷ்மியின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவள் அடுத்த எண்ணை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

சங்கத்தின் உபதலைவரான யோகராஜ் நாற்காலிகளுக்கு நடுவே வேகமாக வந்தான்.

"வெளிய வா."

"ஏன்? நான் பட்டதாரி இல்லையோ?"

"உன்ர பட்டத்தைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில தொங்கவிடு. இஞ்ச உனக்கு இடமில்லை. சபையில இருக்கிற ஆக்கள் முழுப்பேரும் உன்னால வெட்கப்படுகினம்."

"அவை சிரிச்சவை, யோகராஜ். நீங்கள்தான் வெட்கப்படுறீங்கள்."

அவள் வெளியே வந்து பஸ் ஏறினாள். கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது தொலைபேசியைப் பார்த்தாள். சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள்.

வீட்டில் மகள் ஷாமிலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடுங்கோ அம்மா," என்றாள். "அந்த அங்கிள்மாரும் ஆன்ரிமாரும் இல்லாட்டி உங்களுக்கு என்ன குறை? பொங்கலுக்கு ஒரு கூட்டம், நத்தாருக்கு ஒரு கூட்டம். திண்டுபோட்டு ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லுறதுதானே."

"ஓம். ஆனா அந்தக் குறையை நானும் சேர்ந்து சொன்னனான். முப்பது வருசமா."

ஷாமிலாவுக்கு அது விளங்கவில்லை. கொன்ஸ்ரன்ஸுக்கும் அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. அவளுடைய தெருவில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் அவள். அன்று அவளுக்காகக் கோயிலில் பூசை வைத்துப் பெயர் வாசித்தார்கள். கல்யாணத்தாலும் பிள்ளையாலும் வேலையாலும் வராத பெயர் அது, அவளே சம்பாதித்த பெயர். அதை ஒருவன் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சியில் சூடேறியது.

அடுத்த வாரம் தலைவர் சண்முகலிங்கத்தைப் போய்க் கண்டாள். எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பொறியியலாளர். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஐந்தாம் மாடியில் இருந்தார். அவளை இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, சங்கத்தின் சட்டவிதிகள் அடங்கிய யாப்பை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, இதில என்ர விருப்பு வெறுப்பு ஒண்டுமில்லை. ஏழாம் பிரிவைப் பாரும். 'கணவன் மனைவி இருவரும் பட்டதாரிகளாயின், கணவனின் பெயரில் வழங்கப்படும் குடும்ப உறுப்புரிமை இருவருக்கும் போதுமானதாகும்.' உறுப்புரிமை யோகராஜின்ர. அவர் ஆரோட குடும்பம் நடத்துறாரோ அவதான் குடும்பம்."

கொன்ஸ்ரன்ஸ் அந்தத் தாளைப் பார்த்தாள். அந்த எழுத்துகள் அவளுக்குத் தெரிந்தவை. யாப்பு எழுதிய வருடம், கப்பல் கொம்பனியில் வேலைசெய்த அவள்தான் மதிய இடைவேளைகளில் அதை ரைப் பண்ணிக் கொடுத்தாள். ஏழாம் பிரிவில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் அன்று திருத்தினாள்.

"அப்ப நான் ஆர், அண்ணை?"

"புதுசா விண்ணப்பிக்கலாம். பத்து வருசத்துக்குக் குறையாத உறுப்பினர், கம்பஸில உம்மை நேரில தெரிஞ்ச ஆக்கள், இரண்டுபேர் கையெழுத்து வைக்கவேணும். பொதுக்கூட்டம் ஏற்கவேணும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒரு மூத்த ஆளா நான் சொல்லுறன். மானமா ஒதுங்கிப் போறது நல்லம். ஓகஸ்டில நீர் கதைச்ச கதைக்கு ஆர் கையெழுத்து வைப்பினம் எண்டு எனக்குத் தெரியேல்லை."

"படிவத்தைத் தாங்கோ," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதலில் றொஹானிடம் போனாள். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நிற்க, அவன் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினான். "கொன்ஸி, என்ர மகனுக்கு யோகன்தான் வேலை எடுத்துக் குடுத்தவன்," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மனைவி உள்ளே போய்விட்டாள். இன்னொருத்தி வாசலில் நின்றே, தனக்கு உறுப்புரிமை இல்லை, இவரைத்தான் கேட்கவேண்டும், இவர் வெளியே போயிருக்கிறார் என்றாள். உள்ளே அவர் தொலைக்காட்சிக்குச் சத்தம் கூட்டுவது கேட்டது. இன்னும் நான்கு வீடு ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி கிடைத்தது, கையெழுத்துக் கிடைக்கவில்லை.

முதல் கையெழுத்து கிராண்ட்பாஸில் கிடைத்தது. அலவி அவளோடு பொருளியல் படித்தவன். இப்போது மின்சாதனக் கடை வைத்திருக்கிறான். கதையைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"இதுக்கா இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க? நம்மட பெட்ச் தானே நீங்க. கூட்டத்துக்கும் நான் வாரேன். அவங்கட டின்னருக்கு நான் போறதில்ல. போனா, அலவிக்கு என்ன ஹலால் சாப்பாடு குடுக்கிறன்னு முழுச் சபையும் சேர்ந்து யோசிக்கும். ஆனா மெம்பரா ஈக்கிறேன்." கையெழுத்தை வைத்துவிட்டு, "ரெண்டாவது ஆள் யாரு?" என்றான்.

"ஒருத்தரும் இல்லை."

"சுபாஷினி ஈக்கிறாங்களே. உங்கட ஹொஸ்டல் தானே அவங்க? உங்கட ஊர்லதானே இப்பவும் ஈக்கிறாங்க."

சுபாஷினி கொன்ஸ்ரன்ஸுடைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தாள். தொழில் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம். மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்தவள். கல்யாணம் செய்யவில்லை. சந்தையில், பாமசியில், மழைக்கு ஒதுங்கிய கடை வாசலில் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் படுவாள். கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏன் என்று கொன்ஸ்ரன்ஸ் ஒருநாளும் கேட்டதில்லை. திமிர் பிடித்தவள் என்று வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய வீட்டுப் படியேறினாள். சுபாஷினி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"என்ன வேணும்?"

"ஒரு கையெழுத்து."

கம்பிகளுக்கிடையால் படிவத்தை வாங்கி, எழுத்து விடாமல் வாசித்தாள். வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

"முதல் வருஷம் ஹொஸ்டல்ல ஒரு வரவேற்பு விழா நடந்திச்சே, ஞாபகம் இருக்கா?"

"எந்த விழா?"

"அதானே. உங்களுக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்." குரல் உயரவில்லை. "பாத்ரூம்ல தண்ணி வரலைன்னு நான் வோர்டன்கிட்ட போய்ச் சொன்னேன். அதை நீங்க மேடையில செஞ்சு காட்டினீங்க. தலையில துண்டைக் கட்டி, முதுகில குப்பைக் கூடையைத் தொங்கவிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, 'தண்ணி வரலீங்க தொரைங்க' அப்படின்னு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. எங்கப்பா மலையில வேலை செஞ்சவரு, அவரே யாருகிட்டயும் அப்படிச் சொன்னதில்ல. ஹொஸ்டல் பூரா சிரிச்சிச்சு. நாலு வருஷமும் எனக்கு அதுதான் பேரு. 'தண்ணி வரலீங்க.' பட்டமளிப்பு அன்னைக்குக்கூட ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டா. எங்கம்மா பக்கத்துல நின்னாங்க."

கொன்ஸ்ரன்ஸுக்கு இப்போது ஞாபகம் வந்தது. கூடை ஞாபகம் வந்தது. விசில் அடித்தது, மேசையில் தட்டியது, அந்தச் சிரிப்பு எல்லாம் வந்தது. அதைத் தன்னுடைய நல்ல நாட்களில் ஒன்றாகவே அவள் மனதில் வைத்திருந்தாள். அதில் ஒரு முகம் இருந்ததென்பதுதான் ஞாபகத்தில் இருக்கவில்லை.

"பகிடியாத்தான் செய்தனான்," என்றாள். சொல்லி முடிக்கும்போதே அந்தச் சொல் எவ்வளவு கேவலமாக ஒலித்ததென்று அவளுக்கே கேட்டது.

"ஓ. அவங்களும் இப்ப உங்களை வச்சுப் பகிடிதான் செய்றாங்க போல."

சுபாஷினி படிவத்தோடு உள்ளே போய்விட்டாள். கொன்ஸ்ரன்ஸ் படியில் நின்றாள். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. கீழே இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஒருவேளை கிழித்துப் போட்டிருப்பாள். கிழித்தாலும் அதில் நியாயம் இருந்தது.

சுபாஷினி திரும்பி வந்து படிவத்தைக் கம்பிகளுக்கிடையால் நீட்டினாள். அதில் கையெழுத்து இருந்தது.

"கூட்டத்துக்கும் வருவேன். பதினோரு வருஷமா அந்தப் பக்கம் போகல. கல்யாணம் கட்டாததால எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. புருஷன் செத்தவங்களுக்கு இருக்கு. மத்தப் பொம்பளைங்க படிச்சது எல்லாம் எங்க போச்சுன்னு கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா இருந்திச்சு. நீங்க அதுக்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான். போயிட்டு வாங்க."

அவள் நன்றி சொல்ல வாயெடுக்குமுன் உட்கதவு சாத்தப்பட்டது.

பொதுக்கூட்டம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தையில் நடந்தது. உறுப்புரிமைக்கு ஒன்றாக மஞ்சள் நிற வாக்கு அட்டை கொடுத்தார்கள். குடும்பமாக வந்தவர்களுக்கும் ஒரு அட்டைதான். குத்துவிளக்கு ஏற்றினார்கள், மௌனமாக நின்றார்கள், சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் அட்டை இல்லாமல் கடைசி வரிசையில் இருந்தாள். அவளுக்கு இருபக்கமும் இருந்த நாற்காலிகள் வெறுமையாகவே இருந்தன. சுபாஷினி நடு வரிசையில் இருந்தாள். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய உறுப்பினர் விடயம் வந்ததும் யோகராஜ் மேடையிலேயே எழுந்தான்.

"இது குடும்பங்கள் சேர்ந்து வாற சங்கம். பிரிஞ்சு, கோர்ட் ஏறினவையெல்லாம் இஞ்ச வந்து பழிவாங்கத் தொடங்கினால், பிள்ளை குட்டியோட வாற ஆக்கள் என்ன செய்யிறது? ஓகஸ்டில நடந்ததை நீங்கள் எல்லாரும் கண்டனீங்கள். என்ர மனுசியைச் சபையில வைச்சு அவமானப்படுத்தினவ. ஒரு பாவமும் அறியாத பிள்ளையை. அப்பிடிப்பட்ட ஒருத்தரைச் சேர்க்கிறதோ எண்டு யோசியுங்கோ."

தலைகள் பின்னால் திரும்பின. கொன்ஸ்ரன்ஸ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

சுபாஷினி எழுந்தாள்.

"தலைவர் அவர்களே, விண்ணப்பதாரி நல்லவங்களா கெட்டவங்களான்னு யாப்பில ஒரு கேள்வி இல்ல. இருந்தா நானே எதிர்த்து வாக்களிப்பேன். அவங்க குணம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்தச் சபையில வேற யாருக்கும் தெரியாது."

ஒருசிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"யாப்பு கேக்கிறது ஒண்ணுதான். பட்டம் வாங்கினாங்களா? வாங்கினாங்க. எனக்கு முன்னால ரெண்டு பேரைத் தள்ளி நின்னு வாங்கினாங்க. என் கண்ணால பார்த்தேன். இந்த மண்டபத்துல பட்டம் வாங்கின பொம்பளைங்க எத்தனை பேரு இருக்கீங்க? அதுல எத்தனை பேரு கையில மஞ்சள் அட்டை இருக்கு? கல்யாணம் கட்டாதவளுக்கு ஒரு எண் குடுத்தீங்க. தாலி அறுத்தவளுக்கு ஒரு எண் குடுத்தீங்க. நடுவுல இருக்கிறவங்க ஒரு எண் வாங்கப் புருஷன் சாவுக்கா காத்திருக்கணும்?"

முன்வரிசையில் ஒரு முதியவர், இது ஒழுங்குப் பிரச்சினை, இப்படிக் கதைக்க அனுமதிக்கக்கூடாது என்றார். சண்முகலிங்கம் மேசையில் தட்டி, விண்ணப்பத்தை வாக்குக்கு விடுகிறேன் என்றார்.

ஆதரவானவர்கள் அட்டையைத் தூக்கச் சொன்னதும் அலவியின் அட்டை முதலில் எழுந்தது. பிறகு சுபாஷினியுடையது. பிறகு தனித்திருந்த பெண்கள் சிலருடையது. அதன்பிறகுதான் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்புத் தொடங்கியது. சோடி சோடியாக இருந்தவர்கள் வாயசையாமல் சண்டைபிடித்தார்கள். ஒருவர் அட்டையைத் தூக்க, மனைவி பிடித்து இழுத்து இறக்கினாள். றொஹான் தன் அட்டையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவனுடைய மனைவி, கணிதத்தில் முதல் வகுப்பில் சித்தியடைந்தவள், அதை உருவியெடுத்து உயரத் தூக்கினாள். அவன் என்னவோ சொன்னான். அவள் மேடையைப் பார்த்தபடியே இருந்தாள். அதைக் கண்டு இன்னும் மூன்று அட்டைகள் எழுந்தன, மூன்றும் வளையல் போட்ட கைகளில்.

செயலாளர் இரண்டு தரம் எண்ணினார். இருபத்துமூன்று.

எதிரானவர்களைக் கேட்டார்கள். அட்டைகள் சடசடவென்று எழுந்தன. யோகராஜ் மேடையில் இருந்ததால் எண்பத்தெட்டாம் எண் அட்டை முன்வரிசையில் றஷ்மியின் மடியில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. யோகராஜ் அவளைப் பார்த்தான். தூக்கு என்று உதட்டால் சொன்னான். றஷ்மி தலையைத் திருப்பிச் சன்னல் பக்கம் பார்த்தாள். செயலாளர் எண்ணி முடிக்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு.

இன்னொரு அட்டை எழுந்திருந்தால் சமமாகியிருக்கும். சமமானால் தலைவரின் வாக்கு எந்தப் பக்கம் போகும் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். சண்முகலிங்கம் தொண்டையைச் செருமி, விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. ஏழாம் பிரிவைத் திருத்தவேண்டும் என்று சுபாஷினி மறுபடி எழுந்தாள். முன்னறிவித்தல் இல்லாமல் யாப்பைத் தொடமுடியாது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லித் தலைவர் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டார்.

புரியாணிப் பார்சல் வரிசையில் யோகராஜ் கொன்ஸ்ரன்ஸுக்கு எதிரே வந்து நின்றான்.

"சந்தோசமோ? இனி ஒவ்வொரு கூட்டத்திலயும் உன்ர முகத்தில முழிக்கவேணும்."

"மற்றப் பக்கம் திரும்பி இருங்கோ. இரண்டு வருசம் வீட்டுக்குள்ள அப்பிடித்தானே இருந்தனீங்கள். பழக்கம்தானே."

அவன் பார்சலை எடுக்காமலே போனான். அவன் போன பிறகு றஷ்மி வந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அவளுக்கு வழிவிட்டு நின்றாள்.

"ஓகஸ்டில நான் சொன்னது பிழை," என்றாள்.

"ஓம், பிழைதான்," என்றாள் றஷ்மி. "மூண்டு மாதமா வீட்டில காலையும் மாலையும் உங்கட கதைதான். நீங்கள் தோற்றால் அடுத்த வருசமும் அதே கதையைத்தான் கேக்கவேணும். எனக்குக் காது புளிச்சுப்போச்சு. உங்களில இரக்கப்பட்டு இருந்தனான் எண்டு மட்டும் நினைச்சுப் போடாதேங்கோ."

"நினைக்கேல்லை."

"அப்ப சரி." இரண்டு பார்சலை எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

கொன்ஸ்ரன்ஸ் சாப்பாட்டை எடுக்கவில்லை. அலவியிடம் போய் நன்றி சொன்னாள். சுபாஷினியைத் தேடினால் அவள் எப்போதோ வெளியேறியிருந்தாள். சுபாஷினி காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். வெயில் கொளுத்தியது. கொன்ஸ்ரன்ஸ் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு பஸ் நெரிசலோடு நிற்காமல் போயிற்று.

"சுபாஷினி, அந்த விழா. நான் செய்தது பகிடி இல்லை. இப்ப விளங்குது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

சுபாஷினி வீதியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு லேசா இருக்கும். எனக்கு அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீங்க வந்து கையெழுத்துக் கேட்டிருக்காட்டி இன்னும் முப்பது வருஷம் ஞாபகம் இல்லாமலே இருந்திருப்பீங்க. அதனால நான் சொல்லப்போறதில்ல."

கொன்ஸ்ரன்ஸ் தலையாட்டினாள். பேச்சுக்குப் பேச்சு கொடுத்தே வளர்ந்த அவளுக்கு அது புதிதாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். ஒரே ஊருக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. சுபாஷினி இருவர் இருக்கும் இருக்கையில் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைத்தாள். கொன்ஸ்ரன்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இஸ்ஸரஹட்ட யன்ன நோனா," என்று கொண்டக்டர் முன்னால் போகச் சொன்னான். அவள் இரண்டடி முன்னால் போனாள். பம்பலப்பிட்டி போயிற்று, கொள்ளுப்பிட்டி போயிற்று. கைப்பை எடுபடவில்லை.

புறக்கோட்டையில் இறங்கிக் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு நடக்கும்போது சுபாஷினி நான்கு அடி முன்னால் போனாள். சனத்துக்குள் ஒருமுறை நின்று திரும்பினாள்.

"ஏழாம் பிரிவுக்கு ஜூலையிலயே முன்னறிவித்தல் குடுக்கப் போறேன்," என்றாள். "அதை வழிமொழிய ஒரு ஆள் வேணும். எண் இருக்கிற ஆளா இருக்கணும்."

"நான் வழிமொழியிறன்."

"எழுத்துல வேணும். ரைப் பண்ணி அனுப்புங்க. வீட்டுக்கு வர வேணாம்."

கொட்டாஞ்சேனை பஸ் புறப்படத் தயாராக நின்றது. சுபாஷினி அதில் ஏறிக்கொண்டாள். கொன்ஸ்ரன்ஸ் அதில் ஏறவில்லை. அடுத்ததில் போகலாம் என்று வெயிலில் நின்றாள்.